மாணவர் மன்றங்கள் வளர்ந்த கதை

 

பரிசளிப்பு விழா என்றால் நம் தோட்டத்துப் பக்கம் அது ஒரு சின்னத் திருவிழாதான். காலையிலேயே பிள்ளைக்குத் தலைசீவிப் பவுடர் போட்டு, பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு, அம்மாமார்களும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பேர் வாசிக்கும்போது "அதோ, நம்ம பிள்ளை!" என்று பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக் காட்டும் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடு இணை கிடையாது. மரம் வெட்டிக் காய்த்துப்போன கைகள் தட்டுகிற கைதட்டல் அது.

ஆனால் ஒரு கேள்வி. பரிசுக் கிண்ணம் வீட்டுக்கு வந்து கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன? பரிசு வாங்கிய பிள்ளை அடுத்த நாள் என்ன செய்கிறது? பரிசு வாங்காத பிள்ளை என்ன செய்கிறது?

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு ஒரு சுலபமான பதில் இருந்தது. 1988-ல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் எத்தனை 'ஏ' என்று எண்ணிப் பார்த்தால் போதும் என்று நாம் இருந்துவிட்டோம். 2021-ல் அந்தத் தேர்வே நிறுத்தப்பட்டது. "இனிமே எதை வச்சு நல்ல மாணவன்னு சொல்றது?" என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதே கேள்வியை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகத்தில் பல இடங்களில் கேட்டிருக்கிறார்கள். அதற்கு விடையாகப் பிறந்தவைதான் நன்மாணவர் மன்றங்கள். படிப்பிலும் பேச்சிலும் எழுத்திலும் சிறந்த மாணவர்களை ஒன்றுசேர்த்து, "உனக்குப் பெருமை கொடுத்தோம், இனி நீ பொறுப்பையும் எடுத்துக்கொள்" என்று சொல்லும் சங்கங்கள் அவை. அந்தக் கதையை இந்த மலரில் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

சத்திரத்தில் பிறந்த மன்றம்

அமெரிக்கா விடுதலைப் பிரகடனம் செய்தது 1776 ஜூலை மாதம். அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், வர்ஜீனியா மாநிலத்து வில்லியம்ஸ்பர்க் என்ற ஊரில், வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு மன்றம் தொடங்கினார்கள். அதன் பெயர் பை பீட்டா கப்பா. மூன்றும் கிரேக்க எழுத்துகளின் பெயர்கள். 'தத்துவமே வாழ்க்கைக்கு வழிகாட்டி' என்ற பொருள்படும் கிரேக்க வாசகத்தின் முதலெழுத்துகள் அவை.

அவர்கள் கூடியது பெரிய மண்டபத்தில் அல்ல. அந்த ஊரில் இருந்த ராலி சத்திரத்தில். அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவர் கட்டுரை வாசிப்பார். இருவர் எதிரெதிர்க் கட்சி கட்டி வாதாடுவார்கள். மற்றவர்கள் கேட்டுக் கருத்துச் சொல்வார்கள். நம் பள்ளியில் நடக்கும் பேச்சுப் போட்டிக்கும் பட்டிமன்றத்துக்கும் இது தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம்.

நான்கே ஆண்டுகளில் சோதனை வந்தது. போர் நெருங்கிவிட, 1781-ல் கல்லூரியின் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. தாய் மன்றமும் நின்றுபோயிற்று. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. ஏனென்றால் அதற்கு முன்பே யேல், ஹார்வர்ட் ஆகிய இரண்டு கல்லூரிகளில் கிளை தொடங்க அவர்கள் அனுமதிப் பத்திரம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தாய்மரம் சாய்ந்தது, ஒட்டுக்கன்று தழைத்தது. பால்மரக் கன்று ஒட்டும் வேலை பார்த்த நம் தோட்டத்து மக்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

அந்த மன்றமும் குறையில்லாத மன்றம் அல்ல. முதலில் அது இரகசியச் சங்கமாக இருந்தது. அந்த இரகசியத்தை விட்டது 1831-ல்தான். முதல் பெண் உறுப்பினர்களைச் சேர்த்தது 1875-ல். தொடங்கி 99 ஆண்டுகள் கழித்து! "தகுதி, தகுதி" என்று பேசியவர்களின் கண்ணுக்கு, வகுப்பில் பாதியாக இருக்க வேண்டிய பெண்பிள்ளைகளின் தகுதி ஒரு நூற்றாண்டு தெரியவில்லை. பெருமை கொடுக்கும் எந்தச் சங்கமும், தான் யாரை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அவ்வப்போது வாசலை எட்டிப் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஈராண்டுக் கல்லூரிப் பிள்ளைகள்

அப்படி வாசலில் நின்ற இன்னொரு கூட்டமும் உண்டு. நான்கு ஆண்டு பல்கலைக்கழகத்துக்குப் போக வசதியில்லாத தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும், வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கும் அமெரிக்காவில் ஈராண்டுக் கல்லூரிகள் தோன்றின. 1901-ல் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கியதுதான் அரசாங்க வகையில் முதல் கல்லூரி. பிற்காலத்தில், அதிபர் ட்ரூமன் அமைத்த குழு 1947-ல் தந்த அறிக்கைக்குப் பிறகு, 'சமூகக் கல்லூரி' என்ற பெயர் பரவலாயிற்று.

"இதெல்லாம் ஒரு கல்லூரியா? அங்கே படிச்சவன் என்ன பெரிய ஆளா வந்துடுவான்?" என்ற ஏளனம் அங்கேயும் இருந்தது. நம்மைப் பார்த்து, "தமிழ்ப்பள்ளியில படிச்சா என்ன ஆகப் போறே?" என்று கேட்டார்களே, அதே குரல்தான். பெரிய பல்கலைக்கழகத்து மன்றங்களின் கதவு இந்தப் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை. அழுதுகொண்டு உட்கார்ந்தார்களா? இல்லை. 1918-ல் மிசூரி மாநிலத்தில் ஈராண்டுக் கல்லூரிகளுக்கென்றே பை தீட்டா கப்பா என்ற மன்றம் பிறந்தது. 1929-ல் அக்கல்லூரிகளின் தேசியச் சங்கம் அதை முறையாக அங்கீகரித்தது. கல்வி, தலைமை, தொண்டு, தோழமை என்ற நான்கும் அதன் தூண்கள். நான்கில் ஒன்றுதான் மதிப்பெண் சம்பந்தப்பட்டது. மற்ற மூன்றும் மனிதர் சம்பந்தப்பட்டவை. இதைக் கவனிக்க வேண்டும்.

பேச்சுக் கலைக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 1914-ல் சிகாகோவில் 17 பேச்சுப் பயிற்சி ஆசிரியர்கள் ஒன்றுகூடினார்கள். அதுவரை அவர்கள் ஆங்கில ஆசிரியர் சங்கத்தில் ஒரு மூலையில் இருந்தவர்கள். "எழுத்து வேறு, பேச்சு வேறு. மேடைப் பேச்சையும் ஒரு கல்வியாக மதிக்க வேண்டும்" என்று தனிச் சங்கம் கண்டார்கள். அந்தப் பதினேழு பேர் தொடங்கியதுதான் இன்றைய அமெரிக்கத் தேசியத் தொடர்பியல் சங்கம். அந்தச் சங்கத்தின் கீழ் இப்போது இரண்டு நன்மாணவர் மன்றங்கள் இயங்குகின்றன. பல்கலைக்கழக மாணவர்களுக்கு லாம்டா பை ஈட்டா. இது 1985-ல் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. சமூகக் கல்லூரித் தொடர்பியல் மாணவர்களுக்குச் சிக்மா கை ஈட்டா.

லாம்டா, பை, ஈட்டா என்ற மூன்று எழுத்துகளும் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் சொன்ன மூன்று சொற்களைக் குறிக்கின்றன. பேச்சில் நியாயம் இருக்க வேண்டும். உள்ளத்தைத் தொட வேண்டும். பேசுகிறவரின் நடத்தை நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத பேச்சு வெறும் சத்தம்.

நம் வீட்டுச் சொத்து

இதையெல்லாம் வெள்ளைக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். திருக்குறளைத் திறந்து பாருங்கள். 65-ஆம் அதிகாரம் சொல்வன்மை. 72-ஆம் அதிகாரம் அவையறிதல். 73-ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. எப்படிப் பேசுவது, யாரிடம் பேசுவது, பயமில்லாமல் எப்படிப் பேசுவது என்று முப்பது குறள்களை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார் வள்ளுவர். எவ்வளவு படித்திருந்தாலும் சபையில் எடுத்துச் சொல்லத் தெரியாவிட்டால் பயனில்லை என்பது நம் பாட்டன் பூட்டன் காலத்துப் பாடம்.

அமைப்பாக நடத்தியதற்கும் உதாரணம் உண்டு. 1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டார். அந்தச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று படிகளாகத் தேர்வு நடத்தியது. பட்டணத்துக் கல்லூரியில் இடம் கிடைக்காதவரும் தமிழைக் கற்றுத் தேறிப் பெருமை பெற அது வழி செய்தது.

பள்ளி மாணவர்களே நடத்திய மன்றங்களும் உண்டு. 1940-களின் தொடக்கத்தில் திருவாரூரில் ஒரு பள்ளி மாணவர் தன் தோழர்களைச் சேர்த்து மாணவர் மன்றம் வைத்தார்; 'மாணவ நேசன்' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தினார். அச்சுக்கூடம் ஏது, காசு ஏது? கையாலேயே எழுதிப் படியெடுத்துச் சுற்றுக்கு விட்டார்கள். அந்த மாணவர்தான் பிற்காலத்தில் தமிழக முதலமைச்சராகிய மு. கருணாநிதி. அவருடைய அரசியல் நமக்கு இங்கே விஷயமல்ல. நோட்டுப் புத்தகத்துத் தாளில் தொடங்கிய பயிற்சி ஒரு மனிதனின் பேச்சையும் எழுத்தையும் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதுதான் விஷயம்.

மலாயாவில் மணி ஒலித்தது

அதே திருவாரூரில் 1903-ல் பிறந்த இன்னொருவர் நம் பக்கம் வந்தார். அவர்தான் தமிழவேள் கோ. சாரங்கபாணி. 1924-ல் சிங்கப்பூருக்கு வந்த அவர், 1935-ல் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழை வளர்த்தெடுத்தவர். 1952-ல் தமிழர் திருநாளைத் தொடங்கி வைத்தவரும் அவரே.

1950-களின் தொடக்கத்தில் அவர் தமிழ் முரசில் மாணவர்களுக்கென்று 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியைத் திறந்தார். பெரியவர்கள் எழுதிப் பிள்ளைகள் படிக்கும் பகுதி அல்ல அது. பிள்ளைகளே எழுதும் பகுதி. கதை, கட்டுரை, கவிதை என்று பள்ளி மாணவர்கள் எழுதி அனுப்பினார்கள். தன் பெயரை அச்சில் பார்த்த பிள்ளைக்கு வரும் தைரியம் இருக்கிறதே, அது எந்தக் கிண்ணத்திலும் கிடைக்காது.

பத்திரிகையில் மன்றம் வைத்தால் மட்டும் போதுமா? படித்த பிள்ளைகள் நேரில் கூட ஆசைப்பட்டார்கள். ஊர் ஊராக மணிமன்றங்கள் எழுந்தன. மாணவர்கள் வளர்ந்து இளைஞர்கள் ஆனபோது தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் ஆயின. மலேசியா முழுதும் கிளை பரப்பிய இயக்கமாக அது வளர்ந்தது. சிங்கப்பூரில் அச்சான தாள் பாலம் தாண்டினால் முதலில் கால் வைப்பது நம் ஜொகூர் மண்ணில்தானே! அந்த மணியோசை நமக்கு எட்டாமல் போகுமா?

மணி என்ற சொல்லில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழில் மணி என்றால் இரத்தினம். ஓசை எழுப்புவதும் மணிதான். ஆங்கிலத்தில் இந்த மன்றத்துக்குப் பெயர் வைத்தபோது 'பெல் கிளப்' என்றே வைத்துவிட்டார்கள். பொருத்தம்தான். பதுக்கி வைக்கிற இரத்தினத்தைவிட, அடித்தால் ஊருக்கே கேட்கிற மணி நமக்கு நல்லது.

கோலாலம்பூர்ப் பக்கத்திலும் சும்மா இருக்கவில்லை. 1924-ல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழ் 1950-ல் 'கதை வகுப்பு' என்று ஒரு பகுதியை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதற்குப் பொறுப்பாக இருந்து, கதை எழுத ஆசைப்பட்டவர்களுக்குப் பாடமும் பயிற்சியும் கொடுத்தார்கள். கல்லூரி வாசலையே மிதிக்காத பலருக்கு நாளிதழே கல்லூரியாயிற்று. தபால்காரரே அந்தக் கல்லூரியின் பஸ் வண்டி.

பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைந்தபோது, அங்கே தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று சாரங்கபாணி குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளர்களும் நகரத்து உழைப்பாளிகளும் சிறு சிறு தொகையாகக் கொடுத்த காசு அந்தத் துறையின் தமிழ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கொடுத்தவர்களில் எத்தனையோ பேருக்குப் படிக்கத் தெரியாது. தான் படிக்காத புத்தகத்துக்கு, தான் பார்க்காத நூலகத்துக்கு, பிறக்காத பேரப்பிள்ளைக்காகக் கொடுத்த காசு அது.

அந்தத் துறையின் தலைவராக 1961-ல் வந்தவர் தனிநாயக அடிகளார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது அவருடைய பெருமுயற்சியால். அதே பல்கலைக்கழக மாணவர்களின் தமிழ்ப் பேரவை, 1980-களிலிருந்து சிறுகதைப் போட்டி நடத்திப் 'பேரவைக் கதைகள்' என்று தொகுப்புகளை வெளியிட்டு வந்தது. மாணவர்கள் நடத்திய போட்டியில் ஊரறிந்த எழுத்தாளர்களும் கலந்துகொண்டார்கள். வரிசையாகப் பார்த்தால், நாளிதழ் பக்கத்தில் தொடங்கியது ஊர் மன்றத்துக்கு வந்தது. ஊரில் வளர்ந்தது பல்கலைக்கழகத்துக்கும் போயிற்று.

எங்கள் தோட்டத்து மன்றம்

இனி என் சொந்தக் கதை கொஞ்சம். நான் 1970-களில் ஜொகூரில் ஒரு தோட்டத்துப் பள்ளியில் படித்தவன். அப்பா மரம் வெட்டினார். அம்மா வெளிக்காட்டு வேலைக்குப் போனார். எங்கள் தோட்டத்திலும் ஒரு மாணவர் மன்றம் இருந்தது. சனிக்கிழமை சாயந்திரம் பள்ளிக் கொட்டகையில் கூடுவோம். சங்கக் கொடி இல்லை, சின்னம் இல்லை. ஒரு மேசை, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒரு கணக்கு நோட்டு. அதில்தான் கூட்டக் குறிப்பு எழுதுவோம்.

ஒருநாள் என்னைப் பேச விட்டார்கள். தலைப்பு 'உழைப்பின் உயர்வு'. வணக்கம் சொன்னேன். முதல் வரி சொன்னேன். இரண்டாவது வரி வரவில்லை. கூட்டத்தில் என் அம்மா உட்கார்ந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அப்படியே இறங்கி ஓடிவிட்டேன்.

அடுத்த வாரம் நான் போகவில்லை. ஆசிரியர் லயத்துக்கே வந்துவிட்டார். "ஏண்டா வரலே?" என்று கேட்கவில்லை. "மன்றத்துல மணியடிக்க ஆள் இல்லே. நீ வந்து அடி" என்றார். பேசுகிறவருக்கு ஐந்து நிமிடம். நாலாவது நிமிடத்தில் ஒரு மணி. ஐந்தாவது நிமிடத்தில் இரண்டு மணி. இதுதான் என் வேலை. ஒரு வருஷம் முழுக்க மணியடித்தேன். மணியடிக்க வேண்டுமானால் எல்லாப் பேச்சையும் கவனமாகக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? யார் எங்கே தடுமாறுகிறார்கள், யார் எப்படிச் சமாளிக்கிறார்கள், கூட்டம் எப்போது சிரிக்கிறது, எப்போது கொட்டாவி விடுகிறது, எல்லாம் எனக்குப் பாடமாயிற்று. வருஷம் திரும்பியதும் ஆசிரியர் மணியை வேறு ஒரு பயலிடம் கொடுத்துவிட்டு, "இனிமே நீ பேசு" என்றார். பேசினேன். அம்மா தலையை நிமிர்த்திக் கேட்டார்.

அந்த மன்றம் நல்லாப் பேசுகிற பிள்ளைக்கு மட்டும் நடந்திருந்தால் நான் லயத்து வாசலிலேயே நின்றிருப்பேன்.

ஏன் நின்றுபோயின?

அந்த மன்றம் இன்று இல்லை. ஆசிரியர் மாற்றலாகிப் போனார். அவர் போன ஆறு மாதத்தில் கூட்டம் நின்றது. கணக்கு நோட்டை ஒருநாள் தேடினோம், கரையான் அரித்துவிட்டது. கொஞ்ச காலத்தில் பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். ஜனங்கள் பாசிர் கூடாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் வேலை தேடிப் போனார்கள். பிள்ளைகள் போனபின் பள்ளி ஏது, மன்றம் ஏது?

இது எங்கள் தோட்டத்துக் கதை மட்டும் அல்ல. 1957-ல், சுதந்திரம் வந்த வருஷம், இந்த நாட்டில் 800-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 500-க்குச் சற்று மேல். ஜொகூரில் ஏறத்தாழ 70. கதை வகுப்பு நடத்திய தமிழ் நேசனும் 2019-ல் நின்றுவிட்டது. கண்ணீர் வடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வில்லியம்ஸ்பர்க் மன்றம் பிழைத்ததற்கும் எங்கள் தோட்டத்து மன்றம் பிழைக்காததற்கும் காரணம் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அவர்களுக்கும் வாசல் மூடியது, எங்களுக்கும் மூடியது. ஆனால் அவர்கள் கிளை வைத்திருந்தார்கள், நாங்கள் வைக்கவில்லை.

மன்றத்தை எப்படி நடத்துவது?

வரலாற்றைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதில் பயனில்லை. இந்தக் கதைகளிலிருந்து எனக்குத் தோன்றும் நாலைந்து விஷயங்களைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, சேர்க்கும் விதியை எழுதி வைக்க வேண்டும். யாரைச் சேர்ப்பது, எதனால் சேர்ப்பது என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "தலைவர் மகன்", "கிராணி மகள்" என்று பார்த்துச் சேர்த்தால் அன்றைக்கே மன்றம் செத்தது. மதிப்பெண் ஒரு வாசல். உழைப்பும் முன்னேற்றமும் இன்னொரு வாசல். இரண்டு வாசலும் திறந்திருக்கட்டும். போன வருஷம் ஒரு வரி பேசத் தெரியாத பிள்ளை இந்த வருஷம் ஐந்து நிமிடம் பேசினால், அதற்கும் மாலை போட வேண்டும்.

இரண்டாவது, எல்லாருக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூன்று நாற்காலியோடு நிறுத்தாதீர்கள். மணியடிக்க ஒருவர், குறிப்பெழுத ஒருவர், விளக்கேற்ற ஒருவர், விருந்தினரை வரவேற்க ஒருவர். வேலை உள்ள பிள்ளை ஓடிப்போகாது.

மூன்றாவது, பொறுப்பு வருஷா வருஷம் கைமாற வேண்டும். பொறுப்பிலிருந்து போகிறவர் வருகிறவருக்கு அருகில் சில மாதம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். வழிகாட்டும் ஆசிரியரும் ஒருவராக இல்லாமல் இருவராக இருந்தால் நல்லது. ஒருவர் மாற்றலாகிப் போனால் மன்றமும் மூட்டை கட்டிக்கொண்டு போகக் கூடாது.

நான்காவது, கணக்கும் குறிப்பும். ஐந்து வெள்ளியானாலும் கணக்கு கணக்குத்தான். வரவு செலவைச் சுவரில் ஒட்டுங்கள். கூட்டக் குறிப்பை இரண்டு படி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். இப்போதுதான் எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறதே, ஒரு படம் எடுத்து வைத்தால் கரையான் என்ன செய்யும்?

ஐந்தாவது, மன்றம் வெளியே போய்ச் சேவை செய்ய வேண்டும். கடிதம் எழுதத் தெரியாத பாட்டிக்கு மனு எழுதிக் கொடுப்பது, ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவது, கோயில் விழாவில் அறிவிப்பு செய்வது, எல்லாமே பேச்சும் எழுத்தும்தான். பேச்சுக் கலையைக் கோப்பைக்காக மட்டும் கற்றால் அது கோப்பையோடு தூசு பிடித்துவிடும்.

ஆறாவது, கிளை வேண்டும். நம் பள்ளி மன்றம் பக்கத்துப் பள்ளி மன்றத்தோடு கைகோக்க வேண்டும். நம் பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளை அங்கேயும் ஒரு மன்றம் தொடங்க வேண்டும். இங்கே ஒரு விளக்கு அணைந்தாலும் அங்கே ஒன்று எரியும்.

சமூகக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள்

கடைசியாக ஒன்று. நம் பிள்ளைகள் எல்லாரும் டாக்டர், வக்கீல் என்று போய்விடுவதில்லை. நம் நாட்டிலும் 2001 முதல் சமூகக் கல்லூரிகள் நடக்கின்றன. ஜொகூரில் சிகாமட், லேடாங், பாசிர் கூடாங் போன்ற இடங்களில் அவை உண்டு. நம் தோட்டத்துப் பிள்ளைகளும் அங்கே கைத்தொழில் படிக்கிறார்கள். ஆனால் கல்யாண வீட்டில் யாராவது, "பையன் எங்க படிக்கிறான்?" என்று கேட்டால், சில பெற்றோர் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். ஏன் தாழ்த்த வேண்டும்? கை வேலை தெரிந்த பிள்ளைக்குப் பேசவும் எழுதவும் தெரிந்துவிட்டால், நேர்முகத் தேர்வில் அவனை யார் ஒதுக்க முடியும்? நாளைக்குச் சொந்தமாகப் பட்டறை வைத்தால் வாடிக்கையாளரிடம் பேச வேண்டாமா? தொழிற்சங்கத்தில் எழுந்து நின்று நியாயம் கேட்க வேண்டாமா?

1918-ல் அமெரிக்க ஈராண்டுக் கல்லூரிப் பிள்ளைகள், "எங்களுக்கும் ஒரு மன்றம்" என்று நிமிர்ந்தார்கள். 1950-களில் மலாயாவின் தமிழ்ப்பிள்ளைகள், "எங்களுக்கும் ஒரு பக்கம்" என்று பேனா பிடித்தார்கள். அவர்களைவிட நாம் எந்த விதத்தில் குறைந்து போனோம்? சமூகக் கல்லூரியில் படிக்கும் நம் பழைய மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்தால் போதும். மாதம் ஒரு சனிக்கிழமை நம் பள்ளிக்கு வரட்டும். நம் ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் மேடைப்பேச்சு சொல்லிக் கொடுக்கட்டும். சொல்லிக் கொடுக்கும்போதுதான் தாமும் கற்பார்கள். வில்லியம்ஸ்பர்க்கில் தொடங்கியவர்களும் ஐந்து பேர்தான்.

பெற்றோர்களே, இன்று உங்கள் பிள்ளை பரிசு வாங்கினால் மனமாரக் கைதட்டுங்கள். வாங்காவிட்டால் வீட்டுக்குப் போய்த் திட்டாதீர்கள். இரவு சாப்பிட்டுவிட்டு உட்காரும்போது, "இன்னைக்கு விழாவுல என்ன நடந்துச்சு, சொல்லு பாப்போம்" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும். தடுமாறும்; திருத்தாதீர்கள், கேளுங்கள். உங்கள் வீட்டு அஞ்சடிதான் அந்தப் பிள்ளையின் முதல் மேடை. நீங்கள்தான் முதல் சபை.

மாணவச் செல்வங்களே, மேடையில் நின்று இரண்டாவது வரி மறந்துபோனால் பயப்படாதீர்கள். எனக்கும் மறந்தது. மணியடிக்க வாருங்கள், மெல்ல மெல்லப் பேச வந்துவிடும்.

வளர்க மாணவர் மன்றங்கள்! வாழ்க தமிழ்!